உளவியல் கற்பது எதற்காக?

மேல்நிலைப் பள்ளியின் இறுதிப் பரீட்சையை முடித்த ஒரு மாணவியோ மாணவனோ உளவியல் படிக்க விரும்புவதாக வீட்டில் சொல்லும்போது, அதைப் படித்தால் என்ன உத்தியோகம் கிடைக்கும் என்று பெரியவர்கள் கேட்பது வழக்கம். கேள்வி உலகியல் சார்ந்ததேயாயினும் அற்பமானதன்று. உளவியல் என்பது தத்துவமா, விஞ்ஞானமா, சிகிச்சையா, அன்றிப் பலவிடங்களில் பிரயோகிக்கத்தக்க ஒரு தொழில்திறனா என்று அத்துறையின் ஆசிரியர்களே ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக விவாதித்து வருகிறார்கள்; அவ்விவாதத்தில் எழுந்த ஒவ்வொரு விடையும் தனக்கென ஒரு பாடத்திட்டத்தையும், ஒரு பட்டப் பெயரையும், சில தேசங்களில் ஒரு சட்டத்தையுமே உண்டாக்கி வைத்திருக்கிறது. ஆகவே, கல்லூரியின் விண்ணப்பப் படிவத்தை நிரப்புகிறவர், தாம் அறிந்தோ அறியாமலோ, அந்தப் பழைய விடைகளுள் ஒன்றைத்தான் தெரிந்தெடுக்கிறார். அவ்விடைகள் எங்கிருந்து வந்தன, அவற்றின் பலவீனங்கள் யாவை என்பதை இந்திய நிலைமையை முதன்மையாக வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தத்துவத்தின் மடியில்

வில்ஹெல்ம் வுண்ட் 1879இல் லைப்சிக் நகரில் தம் ஆய்வுக்கூடத்தை நிறுவும் வரையில் மனத்தைப் பற்றிய விசாரணை பெரும்பாலும் தத்துவ ஆசிரியர்களின் பாத்தியதையாகவே இருந்தது. இந்தியாவில் அதன் பிரிவினை 1916இல் நிகழ்ந்தது எனலாம். அவ்வாண்டு கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய பரிசோதனை உளவியல் துறைக்குத் தலைமை ஏற்ற நரேந்திரநாத் சென்குப்தா, ஹார்வர்டில் ஹ்யூகோ மூன்ஸ்டர்பெர்க்கிடம் பயின்று திரும்பியவர். 1923இல் இந்திய விஞ்ஞானக் காங்கிரஸ் உளவியலுக்குத் தனிப் பிரிவு வகுத்தது. அடுத்த ஆண்டு மைசூரில், லண்டனில் உளவியலாளர் ஸ்பியர்மனின் மாணாக்கராயிருந்த எம். வி. கோபாலசுவாமியின் பொறுப்பில் ஒரு துறை எழுந்தது. இவரைப் பொதுமக்கள் நினைவுகூர்வது உளவியலுக்காக அன்று, 'ஆகாசவாணி' என்ற பெயரோடு மைசூரில் அவர் நடத்திய வானொலி நிலையத்துக்காகவே. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. டி. போவாஸின் தலைமையில் உளவியல் துறை அமைந்தது 1943இல்.

தத்துவத்தினின்று பிரிந்த பின்னும் தாய்வீட்டின் குணம் முற்றிலும் மறையவில்லை. நெடுங்காலம் தமிழில் 'மனோதத்துவம்' என்றே இச்சாஸ்திரம் வழங்கி வந்ததும், அச்சொல்லினுள் தத்துவம் ஒட்டிக்கொண்டிருந்ததும் தற்செயலாயிருக்க முடியாது. மூன்றாண்டு இளங்கலைப் பட்டத்தைப் பொதுக் கல்வியாகக் கருதும் நிலைப்பாட்டுக்கு இந்த மரபே ஆதாரம். மனித நடத்தையை ஒழுங்காகச் சிந்திக்கப் பழகியவர், ஆசிரியராகவோ, சமூகப் பணியாளராகவோ, வழக்கறிஞராகவோ, நிர்வாகியாகவோ ஆகட்டும்; எங்கு சென்றாலும் அக்கல்வி துணை நிற்கும் என்பது அதன் வாதம். குடிமைப் பணித் தேர்வின் விருப்பப் பாடங்களுள் உளவியல் இடம்பெற்றிருப்பதும், கல்வியியல் பட்டத்தில் அது கட்டாயப் பகுதியாயிருப்பதும் இவ்வாதத்துக்கு ஓரளவு வலுவூட்டுகின்றன. ஆயினும் இந்நிலைப்பாடு ஓர் உண்மையை மெல்ல மறைத்துவிடுகிறது: அப்பட்டத்தை மாத்திரம் கையில் கொண்டு நுழையக்கூடிய, சட்டம் காத்து நிற்கும் உத்தியோகம் எதுவும் இதுகாறும் இந்நாட்டில் இருந்ததில்லை. சேரும் தினத்தில் இதைத் தெளிவாகச் சொல்லும் கல்லூரிகள் மிகுதி என்று கூறுவதற்கில்லை.

ஆய்வுக்கூடத்தின் வாதம்

உளவியலை விஞ்ஞானமாகவே கற்பிக்க வேண்டும் என்போர், புள்ளியியலும் பரிசோதனை முறையும் நரம்பியலின் அடிப்படைகளும் அற்ற பாடத்திட்டத்தை உளவியல் என்றே ஒப்புக்கொள்வதில்லை. அவர்களுடைய சந்தேகத்துக்குத் தக்க வரலாறு உண்டு. 1952இல் உளவியலாளர் ஐசென்க், நரம்புத் தளர்ச்சி நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் உளச்சிகிச்சை பெற்றாலும் பெறாவிடினும் இரண்டு ஆண்டுகளுக்குள் தேறிவிடுகின்றனர் என்று எழுதி, சிகிச்சையாளர்களைத் திடுக்கிட வைத்தார். 1954இல் பால் மீல், அனுபவம் மிக்க நிபுணரின் தீர்மானத்தைக் காட்டிலும் ஓர் எளிய புள்ளியியல் சூத்திரம் சரியாக முன்னுரைக்கிறதா என்று வினவி, விடை நிபுணர்களுக்கு உவப்பாயிராது என்பதையும் காட்டினார். ஐசென்க்கின் கூற்றுக்கு மறுப்பும் விஞ்ஞான முறையிலேயே வந்தது. 1977இல் ஸ்மித்தும் கிளாஸும் 375 ஆய்வுகளைத் திரட்டி ஒருசேர அளந்து, உளச்சிகிச்சை பலனளிக்கிறது என்ற முடிவுக்கு வந்தனர். குற்றம் சாட்டியவருக்கும் விடுவித்தவருக்கும் புள்ளியியலே சாட்சி சொன்னதாகையால், அதைக் கற்காதவருக்கு இவ்விவாதத்தின் வாயிற்படியைக் கூடத் தாண்ட இயலாது.

ஆயின் ஆய்வுக்கூடமும் குற்றமற்றதாக நிற்கவில்லை. புகழ்பெற்ற சஞ்சிகைகளில் வெளியான 100 ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்த ஒரு பெருங்குழு, அவற்றில் 36 சதவீதத்தில் மட்டுமே புள்ளியியல் முறையில் உறுதியான பலன் மறுபடியும் கிட்டியதாக 2015இல் அறிவித்தது. இதை உளவியலின் வீழ்ச்சி என்று கொள்வோரும் உண்டு. தன் பிழையைத் தானே அளந்து வெளியிடும் துணிவை விஞ்ஞான லட்சணமாகக் கொள்வோரும் உண்டு. பின்னவர் கூற்றில் நியாயம் அதிகம் என்று தோன்றுகிறது. மாணவருக்கு இதனால் விளையும் விசாரம் வேறு: தாம் சேரப்போகும் துறையில் இச்செய்தி பாடமாக இருக்கிறதா, அன்றி முல்லர்-லையர் மாயக்கோட்டையும் கண்ணாடி வழிச் சித்திரத்தையும் செய்து முடித்து, ரெக்கார்டு நோட்டில் கையொப்பம் வாங்குவதோடு பரிசோதனை தீர்ந்துவிடுகிறதா என்பதே. பி.ஏ.வா பி.எஸ்ஸி.யா என்று மனம் குழம்புவதைவிட இக்கேள்வி பயனுள்ளது. ஏனெனில் பின்னால் வரப்போகும் சட்டங்கள் முதுகலைப் பட்டம் எப்பாடத்தில் என்று கேட்கின்றனவேயன்றி, அதன் முன் நிற்பது எம்.ஏ.வா எம்.எஸ்ஸி.யா என்று கேட்பதில்லை.

சிகிச்சையின் வாயில்

உளவியல் கற்க வருவோரில் பெரும்பான்மையோரின் உள்ளத்தில் இருப்பது இந்த வாயில்தான். வழி மிக நீண்டதும், தடைகள் மிகுந்ததும், விதிகள் அடிக்கடி மாறுவதும் இதுவே. ஆகையால் இதில் சற்று நின்று பார்க்க வேண்டும்.

மனநோயைத் தீர்க்க யாருக்கு அதிகாரம் உண்டு என்ற கேள்வி 1926இல் வியன்னாவில் கூர்மை பெற்றது. மருத்துவப் பட்டம் இல்லாத தியோடர் ரைக் உளப்பகுப்புச் சிகிச்சை அளித்ததன் பொருட்டுப் போலி வைத்தியர் என்ற குற்றச்சாட்டுக்கு ஆளானபோது, அவருடைய ஆசானான பிராய்டு, இதற்கு வேண்டிய பயிற்சியை மருத்துவக் கல்லூரி தருவதில்லை என்று வாதாடித் தனி நூலே எழுதினார். அமெரிக்காவின் உளப்பகுப்பாளர்களோ ஆசானின் சொல்லை ஏற்காமல், மருத்துவர் அல்லாதாருக்குப் பல பத்தாண்டுகள் கதவடைத்து வைத்தனர். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய போர்வீரர்களுக்குச் சிகிச்சை அளிக்க மனநல மருத்துவர் போதாமற்போன நிர்ப்பந்தமே அங்கு உளவியலாளருக்கு வழி திறந்தது. 1949இல் கொலராடோவின் போல்டர் நகரில் கூடிய மாநாடு, மருத்துவ உளவியலாளர் ஆராய்ச்சியாளராகவும் சிகிச்சையாளராகவும் ஒருங்கே பயில வேண்டும் என்று தீர்மானித்தது. 1973இல் வெயில் நகரத்து மாநாடு, சிகிச்சையையே முதன்மையாகக் கொண்ட சைடி என்னும் தனி முனைவர் பட்டத்துக்கு ஆதரவு தந்தது. போல்டர் வழியில் சென்றவரில் பலர் பின்னர் ஆராய்ச்சியின் பக்கமே திரும்புவதில்லை என்பது முதலாவதின் மேல் நெடுநாளாகச் சுமத்தப்படும் குறை. மாணவரைத் திரளாகச் சேர்த்துப் பெருங்கட்டணம் வாங்கும் தனிக் கல்லூரிகளுக்கு இடம் கொடுத்துவிட்டது என்பது இரண்டாவதின் மேல் உள்ள குறை.

இந்தியா இவ்விரண்டையும் அப்படியே பின்பற்றவில்லை. 1954இல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிலையம் தோன்றி, அடுத்த ஆண்டே மருத்துவ உளவியலில் ஒரு டிப்ளமாப் படிப்பைத் தொடங்கியது. 1974இல் அந்நிலையம் பக்கத்திலிருந்த மனநோய் மருத்துவமனையோடு இணைந்து நிம்ஹான்ஸ் ஆயிற்று. அந்த டிப்ளமா நாளடைவில் எம்.ஃபில். பட்டமாக உருமாறிற்று. மற்றத் துறைகளில் ஆராய்ச்சியின் முதற்படி என்று கருதப்பட்ட எம்.ஃபில்., இங்கு மருத்துவமனையின் வார்டுகளில் இரண்டு ஆண்டு காலம் மேற்பார்வையின் கீழ் நோயாளிகளைப் பார்த்துப் பழகும் பயிற்சியாக ஆனது விசித்திரமே. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் இப்பயிற்சிக்குச் சட்ட உறுதி வழங்கிற்று. மாற்றுத்திறனாளிகளின் மறுவாழ்வுக்கென இயற்றிய சட்டம் மனச்சிகிச்சையாளரின் பதிவேட்டையும் சுமக்க நேர்ந்ததை ஒரு நிர்வாக விபத்து என்றே கூறலாம். பதிவு பெறாமல் தொழில் செய்பவருக்கு ஓராண்டு வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ என்று அது விதிக்கிறது. அந்த ஆயிரம் ரூபாயின் இன்றைய மதிப்பை நோக்க, சட்டத்தின் வலிமை சிறைத் தண்டனையில்தான் எஞ்சியிருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மருத்துவ உளவியலாளர் யார் என்பதற்கு இரு வழிகளில் இலக்கணம் வகுத்தது: கவுன்சில் அங்கீகரித்த நிலையத்தில் பெற்ற தகுதி ஒரு வழி, முதுகலைப் பட்டத்தோடு இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். மறுவழி.

மை காய்வதற்குள் நிலைமை மாறிற்று. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை எம்.ஃபில். பட்டத்தையே கைவிடச் சொன்னது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள் அதை நிறைவேற்றின. மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மாத்திரம் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு நீட்டிக்கப்பட்டது. அதன் இடத்தை நிரப்ப, மருத்துவ உளவியலில் நான்காண்டு இளநிலை ஆனர்ஸ், இரண்டாண்டு முதுகலை, சைடி முனைவர் பட்டம் என்னும் புதிய படிகளை மறுவாழ்வுக் கவுன்சில் அமைத்திருக்கிறது. பழைய வழியில் முதுகலை முடித்துவிட்டு எம்.ஃபில். சேரக் காத்திருந்தவர்களுக்கு இம்மாற்றம் பெருங்கலக்கம். புதிய வழியை ஆதரிப்போர், ஐந்து ஆண்டு காத்திருந்த பின்னரே நோயாளியைக் காணும் அவலம் குறையும் என்கிறார்கள். எதிர்ப்போர், பதினேழு வயதில் ஒருவர் தம்மைச் சிகிச்சையாளர் என்று தீர்மானித்துக்கொள்வது பொருந்துமா என்றும், முதிர்ந்த மாணவருக்கு அளித்த வார்டுப் பயிற்சியின் ஆழம் இளையவருக்கும் கிட்டுமா என்றும் கேட்கிறார்கள். புதிய படிகளில் ஏறியவர்கள் போதிய எண்ணிக்கையில் தொழிலுக்கு வரும் வரையில் இரு சாராரின் கூற்றும் ஊகமே.

தேவையும் பதவியும்

இவ்வழியில் உத்தியோக வாய்ப்பு அபரிமிதம் என்போர் இரண்டு எண்களை எடுத்துக்காட்டுவது வழக்கம். 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வு, நோயின் வகைக்கேற்பச் சிகிச்சை பெறாதோர் 70 முதல் 92 சதவீதம் வரை உள்ளனர் என்று கண்டது. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 0.07 உளவியலாளரே உள்ளனர் என்பது உலக சுகாதார நிறுவனம் எடுத்தாண்ட கணக்கு. எண்கள் மெய்யே, அவற்றினின்று பெறும் முடிவில்தான் பிழை நுழைகிறது. தேவை உள்ள இடமெல்லாம் சம்பளத்தோடு கூடிய பதவி உண்டு என்று கொள்வது, பசித்தோர் மிகுந்த ஊரில் சோற்றுக்கடை செழித்தே தீரும் என்று கொள்வதைப் போன்றது. 1996இல் திருச்சிராப்பள்ளி உள்ளிட்ட நான்கு மாவட்டங்களில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் மருத்துவ உளவியலாளருக்கு ஓர் இடம் வகுத்தது உண்மை. எனினும் அவ்விடங்கள் பெரும்பாலும் ஒப்பந்த நியமனங்களாகவே இருந்து வருகின்றன. மருத்துவமனை, மறுவாழ்வு நிலையம், தனிப்பட்ட ஆலோசனை அறை ஆகியவற்றில் வாழ்க்கையை அமைத்துக்கொண்டவர்கள் நகரங்களிலேயே குவிந்திருக்கிறார்கள். சிகிச்சை கிட்டாதவர்களோ பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறார்கள்.

பதிவேட்டுக்கு வெளியே

மருத்துவ உளவியல் என்ற சொல்லைச் சட்டம் காக்கிறது. 'உளவியலாளர்' என்ற பொதுச்சொல்லையோ, மக்கள் வாயில் வழங்கும் 'கவுன்சலர்' என்ற பெயரையோ அவ்விதம் காக்கவில்லை. பிரிட்டனிலும் இந்நிலைமையே: 2009 முதல் 'மருத்துவ உளவியலாளர்' முதலிய சில பட்டப் பெயர்கள் பதிவு பெற்றோர்க்கே உரியவை, வெறும் 'உளவியலாளர்' என்பது எவருக்கும் திறந்திருக்கிறது. சில மாதச் சான்றிதழோடு ஆலோசனை அறை திறப்பவரும், ஆறேழு ஆண்டு பயின்றவரும் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் அமர்வது இதனால்தான்.

இவ்விடைவெளியை நிரப்ப எழுந்ததே 2021ஆம் ஆண்டின் தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழிலியலாளர் ஆணையச் சட்டம். மறுவாழ்வுக் கவுன்சிலின் வரம்புக்குள் வராத உளவியலாளரை இது தன் அட்டவணையில் சேர்த்துக்கொண்டது. சுகாதாரத் தொழிலியலாளர் என்று பெயர் பெற, மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் பரவிய 3,600 மணி நேரத்துக்குக் குறையாத கல்வி வேண்டும் என்றும் விதித்தது. இதன் தொடர்ச்சியாக 2025இல் மானியக் குழு, உளவியல் உள்ளிட்ட சுகாதாரம் சார்ந்த படிப்புகளைத் தொலைநிலையிலும் இணைய வழியிலும் நடத்தக்கூடாது என்று அறிவித்தது. பள்ளி ஆசிரியர், செவிலியர், குடும்பப் பொறுப்பிலிருந்த பெண்கள் ஆகியோர் உளவியலுக்குள் வர அஞ்சல் வழிக் கல்வியே ஒரே வாசலாக இருந்ததை எண்ணினால், இத்தடையின் இழப்பும் சிறிதன்று. மறுபுறம், மனித முகத்தைப் பாராமல் அஞ்சலில் கற்ற ஒருவர் துன்புற்றோர் எதிரில் அமர்வதில் உள்ள அபாயத்தையும் மறுக்க இயலாது.

வாய்ப்பு விரியும் திசையைப் பள்ளிகளும் கல்லூரிகளுமே காட்டுகின்றன. மாணவர் தற்கொலைகளை முன்னிட்டு 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த வழிகாட்டு நெறிகளின்படி, 100 மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள கல்வி நிலையம் ஒவ்வொன்றும் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும். நிறைவேறினால் இதனினும் பெரிய வேலைவாய்ப்பு இத்துறையில் வேறொன்று இராது. தகுதி என்பது யாது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

ஆலையும் படையும் நீதிமன்றமும்

இவ்வாயில்களைச் சுருக்கமாகவே கூறலாம். 1943இல் டேராடூனில் தொடங்கிய பரிசோதனைத் தேர்வு வாரியத்தின் வழிவந்ததே இன்றைய படை அதிகாரிகளின் தேர்வு முறை. அங்கும் பாதுகாப்புத் துறையின் உளவியல் ஆராய்ச்சி நிலையத்திலும் உளவியல் முதுகலையர்க்கு இடம் உண்டு, மிகச் சிலருக்கு. 1953இல் லண்டன் டாவிஸ்டாக் நிலையத்தின் ஏ. கே. ரைஸ் அகமதாபாத் துணி ஆலையொன்றில் நெசவாளரைச் சிறு குழுக்களாக அமைத்துச் செய்த மாற்றம் தொழில் உளவியலின் பெருமைக்குரிய அத்தியாயம். எனினும் இன்று நிறுவனங்களின் மனிதவளப் பதவிகளுக்கு உளவியல் பட்டதாரி நிர்வாகப் பட்டதாரியோடு போட்டியிட வேண்டியிருக்கிறது, அதில் பின்னவருக்கே சலுகை அதிகம். தடயவியல் உளவியல் இளைஞர்களைக் கவர்ந்திழுக்கிறது. ஆயினும் சம்மதமின்றிச் செய்யும் நார்கோ முதலிய சோதனைகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று 2010இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின், திரைப்படம் காட்டும் சித்திரத்துக்கும் நடைமுறைக்கும் உள்ள தூரம் அதிகரித்தே இருக்கிறது.

மண்ணுக்கேற்ற உளவியல்

மேற்கூறிய எல்லா நிலைப்பாடுகளையும் ஒருசேரக் குறை கூறுவோரும் உண்டு. உளவியலாளர் துர்கானந்த் சின்ஹா, இந்திய உளவியல் மேலைநாட்டு ஆய்வுகளை நகலெடுப்பதிலேயே காலம் கழித்தது என்றார்; 1974இல் ஆசிஷ் நந்தி அதன் நெருக்கடியைக் கூரிய நடையில் விமரிசித்தார்; 2002இல் புதுச்சேரியில் கூடிய அறிஞர் குழு இந்திய உளவியலுக்கென ஒரு பிரகடனமே வெளியிட்டது. இவ்வழியிலும் ஆபத்து உண்டு. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்திருப்பதைக் காட்டி, உளவியல் நமக்குப் புதிதன்று என்று பெருமிதம் கொள்வது எளிது. அவ்வியல் செய்யுளின் இலக்கணமாக எழுந்தது என்பதை மறந்துவிட்டால், பெருமிதம் மிஞ்சும், சாஸ்திரம் மிஞ்சாது.

இவர்களுடைய வாதத்தின் வலிமை வேறிடத்தில் இருக்கிறது. பினேயின் அறிவுச் சோதனையை இந்தியக் குழந்தைகளுக்கேற்ப மாற்ற காமத் கன்னட மராத்திப் பள்ளிகளில் உழைத்தார். 1955இல் பாட்டியா, எழுத்தறியாதோருக்கும் பயன்படும் செயல்வழிச் சோதனைத் தொகுதியை உருவாக்கினார். அவ்வுழைப்பு தமிழில் போதிய அளவு தொடரவில்லை. வகுப்பறையில் ஆங்கிலத்தில் கற்ற நோய்க்குறிகளைக் கொண்டு, "மனசே சரியில்லை", "நெஞ்சு படபடங்குது", "ராத்திரி முழுக்கத் தலைக்குள்ள என்னமோ ஓடிக்கிட்டே இருக்கு" என்று சொல்லும் ஒருவரை நிதானிப்பது மொழிபெயர்ப்பு வேலை மாத்திரமன்று. எது துக்கம், எது நோய் என்று பிரித்தறியும் வேலை அது. தமிழ்நாட்டுத் துறைகளில் இதற்கெனப் பயிற்சி தருவது எது என்று விசாரிப்பது, விளம்பரத் தாளில் உள்ள கட்டடப் படங்களைப் பார்ப்பதினும் நன்று.

மதிப்பீடு

இவ்வாறு நோக்குமிடத்து, உளவியல் படிப்பைத் தேர்வதில் பட்டத்தின் பெயரைவிட அதன் முடிவில் எந்தப் பதிவேடு காத்திருக்கிறது என்பதே நடைமுறையில் முக்கியம் என்று தெரிகிறது. மருத்துவ உளவியலை நாடுவோர், சேரப்போகும் நிலையத்தின் பெயர் மறுவாழ்வுக் கவுன்சிலின் பட்டியலில் உள்ளதா, உள்ளதெனில் தாம் சேரும் ஆண்டுக்கு அவ்வங்கீகாரம் செல்லுமா என்று பார்க்க வேண்டும். பல்கலைக்கழகம் பெரியது என்பதால் அதன் ஒவ்வொரு படிப்பும் அங்கீகாரம் பெற்றதாகிவிடாது. ஆலோசனைத் துறையை நாடுவோர், மேற்பார்வையின் கீழ் எத்தனை மணி நேரம், எத்தகைய இடத்தில், யாருடைய பொறுப்பில் பயிற்சி என்று கேட்க வேண்டும். "இன்டர்ன்ஷிப் உண்டு" என்ற ஒரு வரியில் திருப்தியடைதல் கூடாது. ஆராய்ச்சியையும் ஆசிரியத் தொழிலையும் நாடுவோருக்குப் புள்ளியியலும் நல்ல வழிகாட்டியும் போதும். அவர்களுக்குப் பதிவேட்டுக் கவலை இல்லை, நெட் தேர்வின் கவலை உண்டு. பதவிகளின் எண்ணிக்கையைக் கொண்டு எதையும் உறுதி கூறுவது இப்போதைக்கு அவசரம்.

ஐயத்துக்கு இடமானவை இன்னும் பல. நான்காண்டு மருத்துவ உளவியல் இளநிலையர்க்குத் தனித்துத் தொழில் செய்ய எவ்வளவு அதிகாரம் நிலைக்கும், பொது உளவியல் முதுகலையர் எத்தனை பேரை 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் மாநிலப் பதிவேடுகள் ஏற்கும், முன்பு தொலைநிலையில் படித்தவர்களின் பட்டத்துக்கு அப்பதிவேட்டில் என்ன மதிப்பு, இரண்டு ஆணையங்களின் எல்லையில் நிற்கும் ஆலோசனை உளவியலாளர் எவருடைய பொறுப்பு என்பன அவற்றுள் சில. இவற்றுக்கு விடை வரும் வரையில், உச்ச நீதிமன்றம் சொன்ன "தகுதி பெற்ற ஆலோசகர்" யார் என்பதை ஒவ்வொரு பள்ளியின் தாளாளரும், நேர்முகத் தேர்வுக்கு வருபவரின் சான்றிதழைப் புரட்டியவாறு, தாமே நிர்ணயித்துக்கொண்டிருப்பார்.